திப்புவின் கழுத்து: ஒரு படத்தை இரண்டு தடவை வரைந்த கதை

சேலத்திலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில் உள்ள ஒரு பள்ளிக்காக வரைந்த படம் இது. நாலடிக்கு மூன்றடி, கேன்வாஸில் அக்ரிலிக். பள்ளியில் ஓர் அறையை ஒதுக்கி, நம்ம ஊர் யார் யார் கையில் இருந்தது என்று வரிசையாகப் படம் மாட்டப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு வந்தது இரண்டு படம்: திப்பு சுல்தான், தாமஸ் மன்றோ. மன்றோ இரண்டு நாளில் முடிந்தது. திப்புவுக்கு ஐந்து வாரம் ஆனது. நடுவில் முடிந்த படத்தின் மேலேயே வெள்ளை அடித்து மறுபடி ஆரம்பித்தேன். எதை வைத்து எதை மாற்றினேன் என்பதை எழுதிவைக்கிறேன். போர்டு எழுதுகிற, படம் வரைகிற தம்பிகள் யாருக்காவது நாளைக்கு இதே வேலை வரும்.

இந்த இரண்டு பேரும் அடுத்தடுத்து மாட்டப்படுவதற்குக் காரணம் 1792. அந்த வருஷம் மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போட்ட உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குக்கு வந்ததில், இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமான பாராமகாலும் சேலமும் சேர்த்தி. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார், அவருக்குக் கீழே ஏழு வருஷம் இந்தப் பக்கம் ஊர் ஊராக நிலத்தை அளந்து தீர்வை போட்டவர்தான் மன்றோ. அதற்கு முன்னால் சேலத்துக்காரர்களின் ராஜா திப்பு, அவருக்கு முன்னால் அவர் அப்பா ஹைதர் அலி. சங்ககிரி மலைக்கோட்டையில் இருந்தது அவர்கள் படைதான்.

மன்றோவின் முகத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஓவியர் முன்னால் உட்கார்ந்து வரையச் சொன்னவர் அவர். சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, சான்ட்ரி என்ற சிற்பி செய்த சிலை, அதையும் பார்த்துக்கொள்ளலாம். கட்டம் போட்டேன், பெரிதாக்கினேன், முடிந்தது.

திப்புவையும் அப்படித்தான் நினைத்தேன். முப்பது வருஷமாக அம்மாப்பேட்டையில் போர்டு எழுதுகிறவன் நான். ஃபிளெக்ஸ் வந்தபிறகும் கையால் வரைவதை விடவில்லை. திப்பு எப்படி இருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருந்தேன். காலண்டரில் பார்த்தது, தூர்தர்ஷன் தொடரில் பார்த்தது, பாடப்புத்தகத்தில் பார்த்தது எல்லாம் சேர்ந்து மனதில் ஒரு முகம் இருந்தது. நீண்ட கழுத்து, கத்தி மாதிரி தாடை, முறுக்கிய மீசை, வாளைப் பிடித்த பயில்வான் கை. எட்டு நாளில் வரைந்துவிட்டேன்.

படத்தைப் பார்க்க வரலாற்று டீச்சர் வந்தார். கூடவே ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் டீச்சரின் போனை வாங்கி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக் காட்டினான். தலைப்பாகையும் தாடியுமாக ஓர் ஆள். கீழே 'திப்பு சுல்தானின் உண்மையான புகைப்படம்' என்று போட்டிருந்தது.

"அண்ணா, போட்டோல தாடி இருக்கு. நீங்க தாடி இல்லாம வரைஞ்சிருக்கீங்க. எது நெசம்?"

"எல்லாரும் இப்படித்தான் வரைவாங்க தம்பி."

"எல்லாரும் யாரப் பாத்து வரைஞ்சாங்க?"

என்னிடம் பதில் இல்லை. டீச்சர்தான், "நாள் இருக்குங்கண்ணா, பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். அந்தப் பையன் கேட்ட கேள்விதான் இந்த வேலை முழுவதும்.

போட்டோவை முதலில் தள்ளினேன்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். திப்பு இறந்தது 1799 மே 4. இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா படம் பிரான்சில் நியெப்ஸ் எடுத்தது, 1826, 27 வாக்கில். ஆள் முகத்தைப் பிடிக்கிற அளவுக்கு அந்த வித்தை உலகத்துக்கு வந்தது டாகேர் அதை வெளியிட்ட 1839க்குப் பிறகு. திப்பு மண்ணுக்குள் போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டது. ஆகவே 'திப்புவின் போட்டோ' என்று எது வந்தாலும், யார் அனுப்பினாலும், அது வேறு ஆள். 19ம் நூற்றாண்டில் சான்சிபாரில் திப்பு திப் என்று ஒரு பெரிய வியாபாரி இருந்தார், 1905ல் இறந்தவர், அவருக்குப் போட்டோக்கள் உண்டு. பேரை மட்டும் தட்டித் தேடினால் இரண்டு பேரும் கலந்து வருவார்கள். இதைத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும்.

அந்தப் பையனிடம் 1799, 1839 என்று இரண்டு எண்ணை மட்டும் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். கழித்துப் பார்த்துவிட்டு அவனே போனைக் கீழே வைத்தான்.

ஓவியங்கள்

இங்கேதான் நாள் போனது. திப்புவின் ஓவியங்கள் நிறைய. ஒவ்வொன்றிலும் ஒரு முகம். நான் ஓவியம் நல்லதா என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, வரைந்தவர் திப்புவைப் பார்த்திருக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

எல்லாருக்கும் தெரிந்த ஓர் எண்ணெய் ஓவியம் 'சோஃபனி, 1780' என்ற குறிப்போடு சுற்றுகிறது. யோஹான் சோஃபனி பெரிய ஓவியர், சந்தேகமில்லை. ஆனால் அவர் இந்தியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியதே 1783ல். வந்தபிறகும் அவர் வேலை பெரும்பாலும் கல்கத்தாவிலும் லக்னோவிலும். 1780ல் அவர் மைசூர்க்காரரைப் பார்த்து வரைந்தார் என்பது நடக்காத காரியம். குறிப்பை யாரோ எழுதினார்கள், மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள், நானும் அதை நம்பித்தான் முதல் படத்தின் தாடையை அதிலிருந்து எடுத்திருந்தேன்.

சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் படம் இன்னொன்று. அதை வரைந்தவர் அன்னா டோனெல்லி, இத்தாலிக்காரர். சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் பெண்களுக்கு ஆசிரியையாக வந்தவர். கவர்னரின் மனைவி ஹென்ரியெட்டா 1800ல் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது கூடப் போனவர். படமும் அந்த 1800ஐச் சேர்ந்ததுதான். ராஜா போய் ஒரு வருஷம் கழித்து வந்தவர் ராஜாவின் முகத்தை எங்கே பார்த்திருப்பார்?

லண்டனில் வரைந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த சேதி போனதும் அங்கே அது பெரிய பரபரப்பு. ராபர்ட் கெர் போர்ட்டர் 1800ல் சுவர் சுவராக நீளும் பெரிய காட்சிப் படமாகவே வரைந்து டிக்கெட் போட்டுக் காட்டினார். டேவிட் வில்கி என்பவர், திப்புவின் உடலைக் கம்பெனிப் படைத் தளபதி பெயர்ட் கண்டுபிடிக்கும் காட்சியை முடித்தது 1839ல். போட்டோ வந்த அதே வருஷம். இவர்கள் வரைந்தது தோற்ற ராஜா என்ற ஒரு வேஷம். கட்டபொம்மன் என்றால் நமக்குச் சிவாஜியின் முகம் வருகிறதே, அந்த மாதிரி. அந்த முகத்தின் மேல் எனக்கும் பாசம் உண்டு, ஆனால் அது சிவாஜியின் முகம்.

சரி, மிஞ்சியது என்ன? மைசூரிலேயே, பெயர் தெரியாத நம்மூர்க் கலைஞர் 1790க்கும் 1800க்கும் நடுவில் வரைந்த படம் ஒன்று, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். அப்புறம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவே கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர்.

அந்தச் சுவரில் இருப்பது 1780ல் நடந்த போர். நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் அடித்து நொறுக்கிய போர். பெய்லி என்ற தளபதி பல்லக்கில் சிக்கிக்கொண்டு தவிக்கிறார். சுற்றிலும் வெட்டும் குத்துமாக இருக்கும்போது திப்பு மட்டும் அசையாமல் ஒற்றை ரோஜாவை முகர்ந்துகொண்டிருக்கிறார். ராஜாக்கள் பூவை முகர்வது அக்கால ஓவிய வழக்கம், நம் சாமி படத்தில் அபய முத்திரை மாதிரி. ஆனாலும் தன் மாளிகைச் சுவரில் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று திப்பு விரும்பினாரோ அது இதுதான். வாளை ஓங்கியபடி அல்ல. இது என் மனதில் நின்றுவிட்டது.

அந்தச் சுவரிலேயே இன்னொரு விஷயம் உண்டு. ஹைதருக்கு மீசை கிடையாது. திப்புவுக்கு மெல்லிய மீசை, தாடி கிடையாது. முகத்தின் நெளிவு சுளிவுக்கு அந்தச் சுவரை நம்ப முடியாது. திப்புவுக்குப் பிறகு அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லஸ்லி அதைச் செப்பனிடச் சொன்னார், 1850களில் டல்ஹவுசி மறுபடி வரையச் சொன்னார். பழைய போர்டுக்கு டச்சப் செய்து பழகியவனுக்கு இது உடனே புரியும். டச்சப் செய்கிறவன் கண்ணையும் உதட்டையும் தன் கைப்பழக்கத்துக்கு மாற்றிவிடுவான். மீசை இருக்கிறதா இல்லையா என்பதை மாற்ற மாட்டான்.

பார்த்தவர்கள் எழுதியது

ஓவியத்தில் தேடுவதை அங்கே நிறுத்தினேன். டீச்சர் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார், ஆங்கிலத்தை உட்கார்ந்து படித்துச் சொன்னதும் அவர்தான். பள்ளி விட்டு ஆறு மணிக்கு வருவார், கடையில் டீ வாங்கி வைத்துவிட்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம். நாலு பேர் சொன்னதை நோட்டில் எழுதினேன்.

முதல் ஆள் கம்பெனிப் படையில் இருந்த மேஜர் ஆலன். இவர் சொல்வதுதான் நேரில் பார்த்தது. ஆனால் எந்த நேரில் என்பதைக் கேளுங்கள். மே 4 பிற்பகலில் கோட்டை விழுந்தது. திப்பு அரண்மனையில் இல்லை. வடக்குப் பக்க வாசலில் அடிபட்டுக் கிடக்கிறார் என்று கில்லேதார், அதாவது கோட்டைப் பொறுப்பாளர், சொன்னபிறகு, ராத்திரி, பந்த வெளிச்சத்தில், ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்து கிடந்த உடல்களுக்கு நடுவே தேடினார்கள். கூடவே இருந்த வேலையாள் ராஜா கான், அடிபட்டுக் கிடந்தவர், இடத்தைக் காட்டினார். உடலை வெளியே கொண்டுவந்தபோது கண் திறந்திருந்தது. உடம்பில் சூடு இருந்தது. உயிர் இருக்கிறதோ என்று ஆலனும் வெல்லஸ்லியும் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் மூன்று காயம், நெற்றிப் பொட்டில் ஒன்று. வலது காதுக்குச் சற்று மேலே பாய்ந்த குண்டு கன்னத்தில் தங்கியிருந்தது. வெள்ளை மேல்சட்டை, பூப்போட்ட சீட்டித் துணியில் தொளதொள கால்சட்டை, இடுப்பில் கருஞ்சிவப்புத் துணி. தலைப்பாகை விழுந்துவிட்டது. கையில் தாயத்து. நகை எதுவும் இல்லை.

இதைப் படித்த அன்று நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஒருவருடைய முகத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சாட்சி, அவரைக் கொன்ற படையின் அதிகாரி பந்த வெளிச்சத்தில் பிணத்தைப் பார்த்து எழுதியது என்றால், அதை எப்படி எடுத்துக்கொள்வது? மறுநாள்தான் நிதானமாக உட்கார்ந்தேன். ஆலன் தரும் வர்ணனை: உயரம் குறைவு, சதைப்பிடிப்பான உடம்பு, தூக்கின தோள், குட்டையான தடித்த கழுத்து. கையும் காலும் கவனிக்கத்தக்க அளவு சிறியவை. நிறம் சற்றுக் கறுப்பு. பெரிய, முன்னால் தெரிகிற கண். வில்லாக வளைந்த சின்னப் புருவம். கழுகு மூக்கு. முகத்தில் ஒரு கம்பீரம், அல்லது கண்டிப்பு என்று சொல்லலாம், சாதாரண ஆள் இல்லை என்று காட்டியது.

இரண்டாவது பீட்சன், அந்தப் படையின் சர்வேயர் ஜெனரல். 1800லேயே புத்தகம் போட்டவர். ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார், ஆனால் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்று கணக்குக் கொடுக்கிறார். நிறம் பழுப்பு என்கிறார். ஐந்தடி எட்டு குள்ளம் ஆகாது. கிடக்கிற உடலை நின்றபடி குனிந்து பார்ப்பவருக்கு உயரம் குறைந்துதான் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. நான் இடுப்புவரைதான் வரைகிறேன் என்பதால் இந்தச் சண்டையை அங்கேயே விட்டேன்.

கழுத்தை அப்படி விட முடியவில்லை. செத்த உடலைத் தூக்கும்போது தோள் மேலே ஏறும், தலை உள்ளே அமுங்கும், கழுத்து இல்லாத மாதிரி ஆகும். ஆலன் பார்த்தது அதுவாக இருந்தால்? இந்தக் கேள்விக்குப் பதில் மூன்றாவது ஆளிடம் கிடைத்தது. மார்க் வில்க்ஸ், திப்பு போய் சில வருஷத்தில் மைசூரில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்து வரலாறு எழுதியவர். அப்பாவையும் மகனையும் தினம் பார்த்தவர்கள் அப்போது ஊரில் நிறையப் பேர் உயிரோடு இருந்தார்கள். இருவரிடமும் வேலை பார்த்த பூர்ணய்யாவே 1811வரை திவானாக இருந்தார். வில்க்ஸ் எழுதுவது அப்பாவையும் மகனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு. ஹைதர் பெரிய கைகால், சின்னக் கண், வளைந்த மூக்கு, சிவந்த நிறம். திப்பு அவ்வளவு உயரமில்லை, அவ்வளவு திடமில்லை. குட்டையான, சதை போட்ட கழுத்து. சின்ன, மென்மையான கைகால். பெரிய நிறைந்த கண். மூக்கு அப்பாவுடையதைவிட எடுப்பு குறைவு. நிறம் அப்பாவைவிட மிகவும் கறுப்பு.

பிணத்தை வைத்து எழுதாத வர்ணனையிலும் அதே கழுத்து. ஆக, கழுத்து உறுதி.

நாலாவது கிர்மானி. ஹைதர், திப்பு இருவர் காலத்திலும் மைசூரில் இருந்தவர், பாரசீகத்தில் எழுதியவர். 1864ல் அதன் திப்பு பாகம் ஆங்கிலத்தில் வந்தது. மற்ற மூன்று பேரும் கம்பெனி ஆட்கள், இவர் ஒருவர்தான் அந்தப் பக்கத்து மனுஷர். இவர் சொல்வதில் இரண்டு விஷயம் எனக்குத் தங்கம். ஒன்று, ஹைதர் தாடி, மீசை, புருவம், இமை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார், மகன் அப்படி இல்லை. புருவமும் இமையும் மீசையும் வைத்திருந்தார். தாடி அவருக்கு முகவாய்க்கட்டை நுனியில்தான் வளரும், அது தனக்கு நன்றாக இல்லை என்று மழித்துவிடுவார். கறுப்பு வெள்ளைப் போட்டோவின் தாடிக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

இன்னொன்று, திப்பு மிகவும் கூச்சம் உள்ளவர். சின்ன வயதிலிருந்து சாகும்வரை அவருடைய கணுக்காலையும் மணிக்கட்டையும் தவிர உடம்பில் எதையும் யாரும் பார்த்ததில்லை, குளிக்கும்போதும் தலை முதல் கால்வரை மூடியிருப்பார் என்கிறார்.

இதைக் கேட்டதும் டீச்சரும் நானும் ஒரே நேரத்தில் நோட்டைத் திருப்பினோம். ஆலன், பீட்சன், வில்க்ஸ் மூன்று பேரும் தனியாக எடுத்துச் சொன்னது கையும் காலும் சிறியவை என்று. திப்பு உலகத்துக்குக் காட்டிய உடம்பு அவ்வளவுதான், முகமும் மணிக்கட்டும் கணுக்காலும். எதிரியும் சொந்த ஊர்க்காரரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

கேன்வாஸில்

பழைய படத்தின் மேல் வெள்ளை அடித்தேன். கட்டம் போடவில்லை, ஏனென்றால் பார்த்துப் பெரிதாக்க எந்தப் படமும் இல்லை. தோள் கோட்டில் ஆரம்பித்தேன். எப்போதும் தலையை வரைந்து, கழுத்தை இறக்கி, தோளுக்கு வருவேன். இந்தத் தடவை முதலில் சதுரத் தோளைப் போட்டு, அதன் மேல் நேராகத் தலையை உட்காரவைத்தேன். காதின் அடியிலிருந்து சட்டைக் கழுத்துப்பட்டிவரை இரண்டு விரல் அகலம்தான் விட்டேன். முதல் படத்தில் அந்த இடம் ஐந்து விரல் இருந்தது. இந்த மூன்று விரல் வித்தியாசத்தில் ஆளே மாறிவிட்டார். காலண்டர் வீரன் போய், நாற்பது தாண்டின, நாளெல்லாம் உட்கார்ந்து கணக்கும் கடிதமும் பார்க்கிற ராஜா வந்தார்.

நிறத்துக்கு எல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் சமமாக எடுத்து, துளி அல்ட்ராமரின் விட்டு, வெள்ளையைக் கடைசிவரை ஒதுக்கிவைத்தேன். ராஜா என்றால் கை தானாக வெள்ளை டப்பாவுக்குப் போகும், அது நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம். பந்த வெளிச்சத்தில் யாருடைய நிறமும் மாறித் தெரியும் என்பது உண்மை. ஆனால் மூன்று பேரும் கறுப்பு, பழுப்பு என்றுதான் சொல்கிறார்கள், ஒருவர்கூடச் சிவப்பு என்று சொல்லவில்லை. ஆகவே நல்ல மாநிறம், நிழலில் கறுப்பு.

தலைப்பாகைக்கும் கிர்மானிதான் துணை. கடைசிக் காலத்தில் பச்சைத் தலைப்பாகை, அரபுக்காரர்கள் கட்டுகிற மாதிரி, வேலைப்பாடு செய்த ஒரு முனை பக்கவாட்டில் தொங்கும். சட்டையில் மெல்லிசாகப் புலிக்கோடு போட்டேன். அது அவருடைய அடையாளம், துணியிலிருந்து ஆயுதம்வரை எல்லாவற்றிலும் போட்டவர்.

மிகவும் நேரம் எடுத்தது கை. முதல் படத்தில் வாள்பிடியைச் சுற்றி வளைந்த பெரிய முஷ்டி. இப்போது வாளை எடுத்துவிட்டு, புள்ளலூர்ச் சுவரில் இருக்கிற ஒற்றை ரோஜாவைக் கொடுத்தேன். சின்னக் கை, மெல்லிய விரல், மணிக்கட்டுவரை இறங்கின சட்டைக்கை. அகலமான தோளுக்கும் அந்தக் கைக்கும் பொருந்தாத மாதிரி இருந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெரிதாக்கிவிடலாமா என்று. பொருந்தாமல் இருந்ததால்தானே பார்த்த எல்லோரும் அதை எழுதிவைத்தார்கள் என்று தோன்றியபிறகு அப்படியே விட்டேன்.

மூக்குதான் கடைசிவரை இழுத்தது. ஆலனும் பீட்சனும் கழுகு மூக்கு என்கிறார்கள், வில்க்ஸ் எடுப்பு குறைவு என்கிறார். வில்க்ஸ் சொன்னதைத் திரும்பப் படித்தால், அவர் ஹைதரின் மூக்கோடு வைத்துச் சொல்கிறார். அப்பாவுடையது பெரிய வளைவு, மகனுடையது அதைவிடக் குறைவு. வளைவு இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆகவே லேசான வளைவு வைத்து, முகத்தை முக்கால் பக்கம் திருப்பினேன். பக்கவாட்டில் வைத்தால் ஒரு கோட்டில் தீர்ப்புச் சொல்லவேண்டி வரும். முக்கால் முகத்தில் நிழலால் சொல்லலாம். கண்ணும் புருவமும் கழுத்தும் கையும் கூர்மையாக வரைந்தேன். மூக்கின் ஓரத்தைப் பிரஷ்ஷால் கரைத்துவிட்டேன்.

பார்த்தவர்கள் சொன்னது

சேலம் கோட்டைப் பகுதியில் எனக்குப் பழக்கமான ஒரு பாய் இருக்கிறார், அவர் கடைக்கு மூன்று தடவை போர்டு எழுதியிருக்கிறேன். ஈரம் காய்வதற்குள் அவரிடம்தான் முதலில் காட்டினேன்.

"யாரு தம்பி இது?"

"திப்பு சுல்தானுங்க பாய்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குண்டா இருக்காரே" என்றார்.

"பாத்தவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க பாய்."

"எழுதினவன் வெள்ளக்காரன்தானே? ஜெயிச்சவன் தோத்தவன அழகா இருந்தான்னா எழுதுவான்?"

சரியான கேள்வி. இதை நான் ஒதுக்கவில்லை. உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கம்பீரம் என்று எழுதியதும் அதே ஆலன்தான். இழிவுபடுத்த நினைக்கிறவருக்குக் கை சிறியது, புருவம் வில் மாதிரி என்றெல்லாம் எழுதவேண்டிய அவசியம் இல்லை. தாடி விஷயத்தில் கிர்மானி சொன்னதும் தரியா தௌலத் சுவரும் ஒத்துப்போகின்றன. ஆனால் சதைப்பிடிப்பைச் சொல்கிறவர்கள் மூன்று பேரும் ஒரே தரப்பு என்று பாய் சொன்னது உண்மை. பீட்சனின் வாசகமும் 'சற்றே சதைப்பிடிப்பு' என்ற அளவில்தான் நிற்கிறது. நான் கன்னத்தில் ஒரு படி கூடுதலாகப் போயிருந்தேன். அன்று சாயங்காலமே கன்னத்தைக் குறைத்தேன். கழுத்தைத் தொடவில்லை.

மறுநாள் பாய் திரும்ப வந்து பார்த்தார். ரோஜா பிடித்த கையை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். "கணுக்காலும் மணிக்கட்டும்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பள்ளியிலும் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. வாள் எங்கே என்று கேட்டார்கள், கறுப்பாக்கிவிட்டீர்கள் என்று ஒருவர் வருத்தப்பட்டார், ஏஐயில் இதைவிடத் தத்ரூபமாக வருகிறது என்று போனைக் காட்டினார் இன்னொருவர். அதில் இருந்தது நான் வெள்ளை அடித்து மறைத்த அதே நீண்ட கழுத்து ஆள். சுற்றுகிற படங்களைத் தின்று வளர்ந்தது வேறு எதைக் கொடுக்கும்? டீச்சர் எங்கள் நோட்டை அப்படியே ஜெராக்ஸ் போட்டு எல்லோரிடமும் கொடுத்தார். பேச்சு ஒருவாறு அடங்கியது.

மாட்டுகிற அன்று அந்தப் பையன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கியதும் கேட்டான், "மூக்கு மட்டும் ஏண்ணா கலங்குன மாதிரி இருக்கு?" சொன்னேன். படத்துக்குக் கீழே வைக்கிற அட்டையை எழுதும் வேலை அவனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். மன்றோவுக்குப் பெயரும் வருஷமும் மட்டும். திப்புவுக்கு அவன் எழுதியது இது:

"திப்பு சுல்தான், 1792வரை சேலத்தின் அரசர். கழுத்து, கண், கை, நிறம், மீசை: பார்த்தவர்கள் சொன்னபடி. மூக்கு: வரைந்தவர் முடிவு செய்தது."